29சி-யும் கூகுள் இல்லாத போனும்: இடம், படம், நேரம்

கேள்வி: 4 அக்டோபர் 2025

பிக்சல் 8ஏ வாங்கி முதல் நாளே, கூகுள் சேவைகள் இல்லாத ஆண்ட்ராய்டான கிராஃபீன் ஓஎஸ் போட்டுவிட்டேன். போன் வழவழவென்று ஓடுகிறது. ஆனால் வீட்டை விட்டு இறங்கினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. மேப்பில் நீலப் புள்ளி வர ஐந்து நிமிடம் ஆகிறது. பஸ் ஆப் என்னை வேறு பேட்டையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "தனியுரிமை வேண்டுமென்றால் மேப்பையும் பஸ்ஸையும் மறந்துவிடு" என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள். அப்படித்தானா?

4 அக்டோபர், இரவு

பாதி சரி, பாதி தப்பு.

நானும் இரண்டு வருடமாக இதே ஓஎஸ்தான். பெரம்பூரிலிருந்து அடையாறு பக்கம் வேலைக்கு 29சி பஸ்ஸில் போய் வருகிறேன். நீங்கள் சொன்ன அத்தனையும் முதல் மாதம் எனக்கும் நடந்தது. அப்போது நான் செய்த தப்பு, எல்லாவற்றையும் ஒரே கோளாறு என்று நினைத்து நான்கு ஆப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது.

இதில் மூன்று சமாச்சாரம் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடம். அதைச் சுற்றியுள்ள படம். வண்டி வரும் நேரம். மூன்றும் மூன்று வேறு ஆட்களிடமிருந்து வர வேண்டும். சாதாரண ஆண்ட்ராய்டில் மூன்றையும் கூகுளே கொடுத்துவிடுவதால் நமக்குத் தையல் தெரிவதில்லை. கூகுளை எடுத்ததும் மூன்றும் தனித்தனியாக அவிழ்ந்து விழுகிறது.

முதலில் இடம். அமைப்புகளில் இருப்பிடம் பகுதிக்குப் போய், பிஎஸ்டிஎஸ், எஸ்யுபிஎல் என்று இரண்டு சங்கதி இருக்கும், அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் உற்சாகத்தில் கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்துவிடுவார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

5 அக்டோபர், காலை

ஐந்து நிமிடம் ஏன் ஆகிறது என்பதைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டேன்.

செயற்கைக்கோள் நம்மிடம் "நீ இங்கே இருக்கிறாய்" என்று சொல்வதே இல்லை. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், மணி இவ்வளவு" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான்கு கோள்களாவது அப்படிச் சொல்வது காதில் விழுந்தால் போன் கணக்குப் போட்டு நம் இடத்தைக் கண்டுபிடிக்கும். அதாவது ஜிபிஎஸ் கேட்பதற்கு மட்டும்தான், போன் வானத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. தனியுரிமைப் பார்வையில் இதைவிடச் சுத்தமான ஏற்பாடு கிடையாது.

ஆனால் கோள் பேசும் வேகம் விநாடிக்கு 50 பிட். ஆங்கிலத்தில் ஆறெழுத்து. யூனிகோட் தமிழில் இரண்டெழுத்துதான் தேறும். அந்த வேகத்தில் ஒரு கோள் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிச் சொல்கிறது. எல்லாக் கோள்களின் பஞ்சாங்கத்தையும் ஒரு சுற்றுச் சொல்லி முடிக்க 12.5 நிமிடம். (பஞ்சாங்கம் என்று நான் கேலிக்குச் சொல்லவில்லை, அந்தத் துறையிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான்.) நடுவில் ஒரு மரமோ லாரியோ மறைத்தால் விட்ட இடத்துக்கு அடுத்த சுற்றில்தான் வர முடியும்.

இவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பதால் போன்கள் அந்த விவரத்தை இன்டர்நெட்டில் முன்கூட்டியே இறக்கிக்கொள்கின்றன. அதுதான் பிஎஸ்டிஎஸ். எஸ்யுபிஎல் என்பது பக்கத்து டவரைச் சொல்லி, "இங்கிருந்து எந்தக் கோள் தெரியும்" என்று கேட்பது. கிராஃபீனில் இரண்டும் முதலிலிருந்தே அவர்கள் சர்வர் வழியாகத்தான் போகிறது, கூகுளுக்கு உங்கள் ஐபி முகவரி தெரியாது. ஆகவே அணைப்பதில் பெரிய லாபம் இல்லை, நட்டம் மட்டும் உண்டு. இரண்டையும் போட்டுவிட்டு மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் போனை வையுங்கள்.

5 அக்டோபர், மாலை

மொட்டைமாடியில் மழை என்கிறீர்கள். மழையால் ஜிபிஎஸ் கெடாது. போன்தான் கெடும். ஜன்னல் போதும்.

8 அக்டோபர்

கேட்டவர் எழுதியிருக்கிறார்: இரண்டும் அணைந்துதான் கிடந்ததாம், இப்போது பத்து விநாடியில் புள்ளி வருகிறதாம். நல்லது.

அடுத்த புகார்: புள்ளி வருகிறது, அம்பு திரும்புவதில்லை. எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மேப் வடக்கையே காட்டுகிறது.

இதில் நான் ஒரு வாரம் தொலைத்தேன். காந்தமானி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, போனைக் காற்றில் எட்டுப் போட்டு ஆட்டிக்கொண்டே நடந்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி எனக்குத் திருஷ்டி கழிப்பதாக நினைத்து ஒதுங்கி நின்றார். கடைசியில் பார்த்தால், கிராஃபீனில் கேமரா, மைக் மாதிரி சென்சாருக்கும் ஒவ்வோர் ஆப்புக்கும் தனி அனுமதி உண்டு. மற்ற ஆண்ட்ராய்டில் அப்படி ஒரு சுவிட்ச் இல்லாததால் யாரும் அங்கே தேடுவதில்லை. புதிய ஆப்புகளுக்கு அதைத் தானாகக் கொடுக்காதே என்று நானே என்றோ சொல்லி வைத்திருக்கிறேன். திசைகாட்டி சென்சார் கணக்கில் வருகிறது, அதனால் மேப்புக்குத் தலை திரும்பவில்லை. மேப் ஆப்பின் அனுமதிகளில் சென்சாரைக் கொடுங்கள், தீர்ந்தது.

அங்கேயே இன்னொன்றும் பாருங்கள். "துல்லியமான இருப்பிடம்" அணைந்திருந்தால் ஆண்ட்ராய்டு அந்த ஆப்புக்கு உத்தேச இடம்தான் கொடுக்கும், சுமார் மூன்று சதுர கிலோமீட்டருக்குள் எங்கேயோ ஓர் இடம். வானிலை ஆப்புக்கு அது தாராளம். பஸ் ஸ்டாப் தேடும் ஆப்புக்கு அது வேறு பேட்டை. உங்கள் முதல் கேள்வியில் வந்த வேறு பேட்டை இதுவாகத்தான் இருக்கும்.

9 அக்டோபர்

வேறொருவர் கேட்கிறார்: அவரிடம் /ஈ/ஓஎஸ் போன் (கூகுள் இல்லாத இன்னொரு ஆண்ட்ராய்டு), பஸ் ஆப் அவரை வேறொரு கண்டத்தில் காட்டுகிறது. அனுமதியெல்லாம் சரி.

உங்கள் போனில் "அட்வான்ஸ்ட் பிரைவசி" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஆப்புகளுக்குப் பொய் இருப்பிடம் கொடுக்கும் வசதி உண்டு. நீங்கள் கேட்டதை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். பஸ் ஆப்பை மட்டும் அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

11 அக்டோபர்

இனி படம்.

நான் வைத்திருப்பது இரண்டு மேப் ஆப்: ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட். இரண்டும் 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை எடுத்துக்கொள்பவை, அது ஆர்வலர்கள் சேர்ந்து வரையும் பொது வரைபடம். மாநிலத்தையே இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி சொல்லும், எங்கே போகிறேன் என்று எந்த சர்வருக்கும் தெரியாது. ஆர்கானிக்கிலிருந்து 2025-ல் பிரிந்து போன கோமேப்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது. உள்ளே இருக்கும் தகவல் ஒன்றுதான், எது கைக்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நடக்க ஆர்கானிக், நோண்ட ஆஸ்மாண்ட் என்பது என் கணக்கு. ஆஸ்மாண்டில் அமைப்புகள் ஒரு காடு. உள்ளே போனவர் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருவதில்லை.

தேடல்தான் தொல்லை. கூகுளில் தப்புத் தப்பாக அடித்தும் சரியான கடைக்குப் போய்ப் பழகிவிட்டோம். இங்கே திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்று அடிப்பதா, தமிழில் அடிப்பதா? இரண்டு பெயரையும் யாராவது பதிந்து வைத்திருந்தால் இரண்டிலும் வரும். பெரிய இடங்களுக்குப் பதிந்திருக்கிறார்கள், சந்துகளுக்கு அதிர்ஷ்டம் வேண்டும். கதவு எண்ணைத் தேடவே தேடாதீர்கள். பழைய எண் 14, புதிய எண் 31 என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண் எழுதும் ஊரில் மேப் என்ன செய்யும், பாவம். தெரு முனையில் என்ன கோயில், என்ன பள்ளிக்கூடம் என்று கேட்டு அதைத் தேடுங்கள். நம் ஊரில் எப்போதுமே அப்படித்தானே வழி சொன்னோம்.

பேச்சு வழிகாட்டல் வேண்டுமென்றால் போனில் ஒரு குரல் எஞ்சின் வேண்டும். திறந்த ஆப்புகளுக்கான கடையான எஃப்-ட்ராய்டில் ஈஸ்பீக் கிடைக்கும், அதில் தமிழும் உண்டு. கேட்டால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். என் மகன் அதற்கு "டப்பா மாமா" என்று பெயர் வைத்திருக்கிறான்.

12 அக்டோபர்

லிங்க் பிரச்சினை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையோடு வாட்ஸ்அப்பில் வருமே, கூகுள் மேப்பின் குட்டி லிங்க், அதை ஆஃப்லைன் மேப்பில் திறக்க முடியாது. அந்த லிங்கில் இடமே இல்லை, இடத்தைக் கூகுளிடம் போய்க் கேள் என்ற சீட்டு மட்டும்தான் இருக்கிறது. பிரவுசரில் திறந்தால் நீண்ட முகவரியாக விரியும், அதற்குள் 13.0, 80.2 என்று ஆரம்பிக்கும் இரண்டு எண் இருக்கும். சென்னைக்குள் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த இரண்டையும் எடுத்து ஆர்கானிக்கின் தேடலில் ஒட்டுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், அதுவே பதினோரு மீட்டருக்குள் கொண்டுவிடும். மண்டப வாசல் பதினோரு மீட்டருக்கு மேல் அகலம்.

21 அக்டோபர்

தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கிளாம்பாக்கம் போனேன். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்தப் பேருந்து முனையம் எவ்வளவு பெரிது என்று போனவர்களுக்குத் தெரியும். உள்ளே போனதும் என் புள்ளி ஜிஎஸ்டி ரோட்டிலேயே நின்றுவிட்டது. தலைக்கு மேல் கூரை, கோள் ஒன்றும் தெரியாது.

சாதாரண போனில் இந்த மாதிரி இடத்தில் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளை வைத்து இடத்தைக் கணிப்பார்கள். கிராஃபீனிலும் இப்போது அந்த வசதி இருக்கிறது, ஆனால் நாமாகப் போய்ப் போட வேண்டும். ஆப்பிளின் சேவையை நேராகவோ, கிராஃபீனின் சர்வர் வழியாகவோ கேட்கலாம். கூகுளை விட்டு ஓடி வந்து ஆப்பிளிடம் வழி கேட்பதா என்று ரோஷத்தில் நான் போடவே இல்லை. ரோஷத்துக்குப் பலன், கையில் இரண்டு பை, தோளில் ஒன்று, எந்த நடைமேடை என்று தெரியாமல் அலைந்தேன். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் கையைக் காட்டினார். மேப்பில் தேடியிருந்தாலும் நடைமேடை எண் இருந்திருக்குமா என்பது வேறு கதை.

ஊரிலிருந்து திரும்பியதும் போட்டுவிட்டேன், கிராஃபீன் சர்வர் வழியாக.

25 அக்டோபர்

அந்த வைஃபை விஷயத்தில் ஒரு கூடுதல் தகவல், பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். மைக்ரோஜி (கூகுள் ப்ளே சேவைகளுக்கு மாற்றான திறந்த மென்பொருள்) போட்ட போன்களெல்லாம் முன்பு மொஸில்லாவின் இருப்பிடச் சேவையைத்தான் நம்பி இருந்தன. 2024 ஜூனில் வெளியாருக்கான அந்தக் கதவை மொஸில்லா மூடிவிட்டது. அதன் இடத்தைப் பிடிக்க பீக்கன்டிபி என்று ஆர்வலர்கள் நடத்தும் திட்டம் வந்திருக்கிறது. நியோஸ்டம்பளர் என்ற ஆப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால், வழியில் கேட்கும் வைஃபை பெட்டி, டவர் எல்லாம் அதில் சேரும்.

நான் இரண்டு நாள் 29சி-யில் ஜன்னலோரம் உட்கார்ந்து சேர்த்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை. என்னை யாரும் பின்தொடரக் கூடாது என்று போனை மாற்றியவன், வழியெல்லாம் ஊரார் வீட்டு ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகிறேன். கேட்டால் பெட்டியின் அடையாள எண் மட்டும்தான், ஆள் விவரம் கிடையாது என்று பதில் இருக்கிறது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டுப் பெட்டி இந்தக் கணக்கில் வர வேண்டாமென்றால் வைஃபை பெயரின் கடைசியில் _nomap என்று ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். கூகுளும் அதை மதிக்கிறது.

2 நவம்பர்

சரி, நேரம். இவ்வளவு நாள் தள்ளிப்போட்டது இதற்குத்தான், இதில் என்னிடம் நல்ல பதில் இல்லை.

இடத்தை வானத்திலிருந்து இலவசமாக வாங்கலாம். படத்தை ஆர்வலர்கள் வரைந்து கொடுத்துவிட்டார்கள். வண்டி எப்போது எங்கே வரும் என்பது மட்டும் வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னால் உண்டு.

சொல்வதற்கு ஒரு பொது வடிவம் இருக்கிறது, ஜிடிஎஃப்எஸ். 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஆரம்பித்தது. உள்ளே பிரமாதமாக ஒன்றும் இல்லை: நிறுத்தங்கள் ஒரு பட்டியல், தடங்கள் ஒரு பட்டியல், எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு நீளப் பட்டியல். ஆரம்பத்தில் அதன் முதல் எழுத்து கூகுளைக் குறித்தது, பிறகு "பொது" என்று பொருள்படும்படி மாற்றினார்கள். இந்தக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஆப் எழுதலாம். கொச்சி மெட்ரோ 2018-ல் அப்படித் திறந்தது. டெல்லியில் அரசும் ஐஐஐடி தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து அதே 2018-ல் பஸ் தகவலை ஒரு பொதுத் தளத்தில் வைத்தார்கள். ஐரோப்பாவில் திறந்த ஆப்புகள் ஜோராக ஓடுவதற்கு அங்கே நேரம் திறந்து கிடப்பதுதான் காரணம். ஆப் எழுதுபவரின் சாமர்த்தியம் இரண்டாம் பட்சம்.

ஆகவே "எஃப்-ட்ராய்டில் நல்ல சென்னை பஸ் ஆப் எது" என்று கேட்பது, அரிசி இல்லாமல் நல்ல குக்கர் எது என்று கேட்பது மாதிரி.

நடைமுறைக்கு: பிரவுசரில் கூகுள் மேப்பைத் திறந்து, கணக்கில் நுழையாமல், பஸ் வழியைக் கேட்கலாம். வேலை செய்யும். இருப்பிட அனுமதி கேட்டால் மறுத்துவிட்டு ஸ்டாப் பெயரைக் கையால் அடியுங்கள். அதற்கு உங்கள் வீடு தெரிய வேண்டாம், பெரம்பூர் பஸ் ஸ்டாண்ட் தெரிந்தால் போதும்.

3 நவம்பர்

"அப்புறம் சென்னை ஒன் எதற்கு?" என்று ஒருவர். வாஸ்தவம். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா 2025 செப்டம்பரில் கொண்டுவந்த ஆப், மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள். தனியுரிமை போனில் அந்த மாதிரி ஆப்பே கூடாது என்று விரதம் எதுவும் இல்லை. எங்கே போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

ஆண்ட்ராய்டு 15-லிருந்து "பிரைவேட் ஸ்பேஸ்" என்று ஓர் அறை இருக்கிறது. கிராஃபீனில் அதற்குள் கூகுள் ப்ளே சேவைகளைச் சாதாரண ஆப் மாதிரி, தனிச் சலுகை எதுவும் இல்லாமல் நிறுவலாம். அவை இருப்பிடம் கேட்டாலும் ஓஎஸ்ஸே பதில் சொல்லிவிடும், ப்ளே சேவைக்கு இருப்பிட அனுமதி தேவையே இல்லை. பஸ், ரயில், ஆட்டோ ஆப்புகளை அந்த அறையில் தள்ளிவிடுங்கள். உங்கள் போன்புக், படங்கள் எதுவும் அதற்குத் தெரியாது. வேலை முடிந்ததும் அறையைப் பூட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் தூங்கிவிடும்.

சில ஆப்புகள், முக்கியமாகப் பணம் கட்டும் ஆப்புகள், கூகுள் சான்று கொடுத்த ஓஎஸ்தானா என்று சோதிக்கும். கிராஃபீனுக்கு அந்தச் சான்று கிடையாது, ஓஎஸ் பத்திரமானதா என்பதற்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தம் குறைவு. என் வங்கி ஆப்புகளில் ஒன்று ஓடுகிறது, ஒன்று முகத்தில் அடித்தாற்போல் மூடிக்கொள்கிறது. பெயர் கேட்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் இரண்டும் இடம் மாறலாம்.

7 நவம்பர்

மேலே "தூங்கிவிடும்" என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? நேற்று அதற்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த அறைக்குள் இருக்கும் ஆப்பில் டிக்கெட் எடுத்தேன். போனைப் பையில் போட்டேன். திரை அணைந்ததும் அறை பூட்டிக்கொண்டது, அப்படித்தான் வைத்திருந்தேன். மயிலாப்பூர் லஸ் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகப் பாதை மாறி வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அறிவிப்பில் டிக்கெட் இல்லை, ஏனென்றால் பூட்டிய அறையின் அறிவிப்பு வெளியே தெரியாது. அறையைத் திறக்கக் கைரேகை வேண்டும். மழையில் நனைந்த விரல். சில தடவை மறுத்துவிட்டு ரகசிய எண் கேட்டது. அறைக்குத் தனி ரகசிய எண் வைத்திருந்தேன், அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வருமா? பரிசோதகர் பொறுமைசாலி. "எடுங்க சார், எடுங்க, ஓடிற மாட்டேன்" என்றார். பஸ் மொத்தமும் என்னைப் பார்த்தது. யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை ஏற்பாடும்.

திருத்தம்: அறை பூட்டும் நேரத்தைத் திரை அணைந்து ஐந்து நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதைவிட மேல், டிக்கெட் எடுத்த கையோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்... என்று எழுத வந்தேன், ஸ்கிரீன்ஷாட்டைப் பரிசோதகர் ஏற்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை, வேண்டாம்.

7 நவம்பர், இரவு

இதையெல்லாம் வாசித்துவிட்டு வீட்டம்மா சொன்னது: "எனக்கு எந்த ஆப்பும் வேண்டாம், சாதாரண பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இலவச டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். பெயர்கூடக் கேட்பதில்லை." 2021 மே மாதத்திலிருந்து அப்படித்தான். தனியுரிமையில் அவர் என்னைவிட இரண்டு வருடமாவது முன்னால் இருக்கிறார்.

9 நவம்பர்

மேலே உள்ள சிரிப்புக்குப் பிறகு யோசித்தேன். எனக்கும் ஆப் எதற்கு? கையில் சிங்காரச் சென்னை அட்டை இருக்கிறது. 2023-ல் மெட்ரோவில் வந்தது, 2025 தொடக்கத்திலிருந்து பேருந்திலும் செல்லும். தட்டினால் டிக்கெட். போனில் பேட்டரி தீர்ந்தாலும் நடக்கும். இதிலும் பெயர், போன் எண் கொடுத்துத்தான் வாங்கினேன், எந்தெந்த நேரம் எங்கே தட்டினேன் என்பது எங்கோ பதிவாகும். ஆனால் தட்டும் இடம் மட்டும்தான் பதிவாகும், நடுவில் நான் எங்கே நின்றேன், யாரிடம் பேசினேன், எந்தக் கடையை எட்டிப் பார்த்தேன் என்பது அட்டைக்குத் தெரியாது. எனக்கு இந்த அளவு போதும். சில்லறையே சிறந்தது என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. கண்டக்டர் வருவார் சண்டைக்கு.

10 நவம்பர்

தாம்பரத்து நண்பருக்கு: புறநகர் ரயில் டிக்கெட் ஆப் இருப்பிடம் கேட்கிறது, கொடுத்தும் டிக்கெட் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆப்பில் தாளில்லாமல் எடுப்பதற்கு இருப்பிடம் கட்டாயம், காரணம் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டு, பரிசோதகரைக் கண்டதும் எடுப்பதைத் தடுக்கத்தான் அது. அதனால் தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். உங்கள் சிக்கல், உத்தேச இருப்பிடம் கொடுத்துவிட்டு எதிர் டீக்கடையில் நின்று முயன்றது. மூன்று சதுர கிலோமீட்டருக்குள் போன் உங்களைத் தண்டவாளத்தின் மேலேயே வைத்திருக்கலாம். துல்லியத்தைக் கொடுங்கள். அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து எடுங்கள். அல்லது கவுண்டர். வரிசையில் நின்றால் யாரும் உங்கள் சென்சாரைக் கேட்பதில்லை.

23 நவம்பர்

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன், சொல்கிறேன்.

நேரம் நம் கையில் இல்லை என்று எழுதிவிட்டு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நேரம் இல்லையென்றால் போகட்டும், ஸ்டாப்பாவது எங்கே இருக்கிறது என்று படத்தில் இருக்கிறதா? என் தடத்தை ஆஸ்மாண்டில் திறந்து பார்த்தேன். சில நிறுத்தம் இருந்தது, சிலது இல்லை. சிலதற்குப் பெயர் இல்லை. ஒன்று சாலையின் தப்பான பக்கத்தில் இருந்தது, அதை நம்பி நின்றால் எதிர்த்திசை வண்டிதான் வரும்.

திட்டி என்ன பயன்? இது யாருடைய ஆபீஸும் இல்லை, போய்த் திருத்தினால் திருந்தும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தெந்தத் தெரு மூழ்கியது என்று இதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல்தான் ஊரே சேர்ந்து குறித்தது. அன்று நானும் எங்கள் தெருவைச் சொடுக்கினேன். அது மேப்பில் நான் செய்த முதல் வேலை, அப்புறம் பத்து வருடம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப்பைப் போட்டிருக்கிறேன். எஃப்-ட்ராய்டில் இருக்கிறது, கூகுள் எதுவும் வேண்டாம். நீங்கள் நடக்க நடக்கப் பக்கத்தில் விடுபட்டதைக் கேள்வியாகக் கேட்கும். இந்தப் பஸ் ஸ்டாப்பின் பெயர் என்ன? நிழற்குடை உண்டா? உட்கார இடம் உண்டா? பதில் சொன்னால் மேப்பில் ஏறும். இல்லாத ஸ்டாப்பைப் புதிதாக வைக்க எவ்ரிடோர் என்ற ஆப் வசதி.

ஒரு தனியுரிமை எச்சரிக்கை, பிறகு திட்டாதீர்கள்: இதில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் உங்கள் கணக்குப் பெயரோடு, நேரத்தோடு, உலகமே பார்க்கும்படி இருக்கும். தினமும் காலை 8:40-க்கு ஒரே ஸ்டாப்பைத் திருத்தினால் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று ஜோசியர் தேவையில்லை. வீட்டுப் பக்கத்தை நான் தொடவில்லை. திருத்தங்களைச் சேர்த்து வைத்து ஞாயிறு இரவு மொத்தமாக ஏற்றுகிறேன்.

24 நவம்பர்

"நிழற்குடை உண்டா" என்ற கேள்விக்கு நேற்று பத்து நிமிடம் யோசித்தேன். குடை இருக்கிறது. கூரை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு பூக்கடை, ஓர் இளநீர் வண்டி, இரண்டு பைக். நிற்பவர்கள் வெயிலில். உண்டு என்று போட்டேன்.

6 டிசம்பர்

கேள்வி கேட்ட பிக்சல்காரர் இரண்டு மாதம் கழித்து வந்திருக்கிறார். இடம் சரியாகிவிட்டது, படம் பழகிவிட்டது, நேரத்துக்கு அறைக்குள் ஒரு ஆப், பூட்டு ஐந்து நிமிடம். ஆபீஸில் சிரித்தவர்களில் ஒருவர் இப்போது பழைய பிக்சல் விலை விசாரிக்கிறாராம். அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: சில அமெரிக்க செல்போன் நிறுவனங்கள் விற்ற பிக்சல்களில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது, அதைத் திறந்தால்தான் வேறு ஓஎஸ் போட முடியும். உறவினர் கொண்டுவந்தது, மலிவு என்று யாராவது நீட்டினால், டெவலப்பர் அமைப்பில் ஓஇஎம் அன்லாக் சுவிட்ச் நகர்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுக்கட்டும்.

7 டிசம்பர்

தப்பான பக்கத்தில் இருந்த அந்த ஸ்டாப்பை எதிர்ப்பக்கம் நகர்த்தினேன், தமிழ்ப் பெயரும் சேர்த்தேன். அடுத்த வரைபட அப்டேட்டில் ஆர்கானிக்கில் வரும். இன்று காலை அங்கே நின்றபோது ஒரு பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, பெசன்ட் நகர் வண்டி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றான். இந்தப் பக்கம்தான் என்றேன். நம்பாமல் இளநீர்க்காரரிடம் போய் இன்னொரு தடவை கேட்டான்.

எல்லா ஸ்டாப்பும் முடியவில்லை. மயிலாப்பூருக்குள் மெட்ரோ வேலை முடிந்து பழைய பாதை திரும்பும்வரை அங்கே கை வைப்பதாக இல்லை, வைத்தாலும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும்.